மலேரியா ஒட்டுண்ணியும் தடுப்பூசியும்: கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வு பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் உயிரியல் படித்தவர்களும், அங்கே உதவி விரிவுரையாளராக இருப்பவர்களும், சில வேளைகளில் அவர்களின் பெற்றோரும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் இந்த ஒட்டுண்ணியோடு காலம் கழித்தவன் என்பதால், பதில்களில் என் சொந்த விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும். அவற்றை வடிகட்டிக்கொண்டு வாசியுங்கள்.

இலங்கையில்தான் மலேரியா இல்லையே, பிறகு ஏன் நம் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும்?

உண்மைதான். இங்கேயே தொற்றிப் பரவிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் இந்த நாடு ஒருமுறை இதே வெற்றியின் வாசற்படி வரை வந்து வழுக்கி விழுந்த கதையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் 17 பேர். நோய் போய்விட்டது என்று டீ.டீ.ரி. என்ற பூச்சிகொல்லி அடிப்பது நிறுத்தப்பட்டு, குருதிப் பரிசோதனையும் தளர்ந்தபின், 1969 இல் அந்தத் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 1999 இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். படுவான்கரையில் ஐம்பது வயதைக் கடந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: குளிர் பிடித்து, சாக்கையும் போர்வையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அமுக்கிப் பிடித்தும் நடுக்கம் நிற்காத இரவுகளைச் சொல்லாதவர் இருக்க மாட்டார்.

ஒட்டுண்ணி போனதே தவிர நுளம்பு போகவில்லை. கோடையில் ஆறு வற்றி மணலிடையே தேங்கும் தெளிந்த குட்டைகளில் பெருகுகின்ற அனோபிலிஸ் குலிசிபேசிஸ் இன்றும் இங்கே இருக்கிறது. போதாக்குறைக்கு, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிட்டு நகரங்களில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு 2016 இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. 2018 இன் கடைசியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் தொற்று இங்குள்ள நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்குத் தாவியது. அது நடந்தது அம்பாறையின் அயல் மாவட்டமான மொனராகலையில்.

இது நம் வீட்டுக் கணக்கு. உலகக் கணக்கு வேறு: 2023 இல் மட்டும் சுமார் 26 கோடி 30 இலட்சம் பேருக்கு மலேரியா வந்து, ஏறத்தாழ 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆபிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வு என்பது இன்னொரு பட்டமா?

இல்லை. ஆய்வுகூடங்களில் எல்லோரும் போஸ்ட்டொக் என்று அழைக்கின்ற இது, ஒப்பந்த அடிப்படையில் சம்பளம் பெறும் ஒரு வேலை. முடிவில் சான்றிதழோ பட்டமளிப்பு விழாவோ கிடையாது. வழக்கமாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டு, நிதி இருந்தால் நீடிக்கப்படும். கலாநிதிப் பட்டத்தின்போது மேற்பார்வையாளர் காட்டிய கேள்விக்கு விடை தேடினீர்கள். இப்போது கேள்வியை நீங்களே கண்டுபிடித்து, அதைச் சோதிக்கும் வழியையும் வகுத்து, தவறிப்போனால் ஏன் தவறியது என்றும் நீங்களே சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெற்றோருக்கு இதை விளக்குவது எளிதல்ல. “இன்னும் படிப்பு முடியவில்லையா?” என்ற கேள்வி திருமண வீடுகளில் வரத்தான் செய்யும்.

ஒட்டுண்ணியின் உயிரியலில் அப்படி என்ன ஆராய இருக்கிறது? உயர்தரப் புத்தகத்திலேயே வாழ்க்கை வட்டம் இருக்கிறதே?

அந்தப் படம் சரியானதுதான், ஆனால் அதிலுள்ள ஒவ்வோர் அம்புக்குறிக்குள்ளும் ஓர் ஆய்வாளரின் ஆயுட்காலம் அடங்கும்.

பெண் நுளம்பு கடிக்கும்போது, ஒட்டுண்ணியின் தொற்றும் வடிவமான ஸ்போரோசொயிட்டுகள் பெரும்பாலும் நூறுக்கும் குறைவாகவே தோலுக்குள் விடப்படுகின்றன. அவை தோலில் ஊர்ந்து, குருதிக் குழாயைத் தேடி நுழைந்து, சில மணி நேரத்துக்குள் ஈரலை அடைகின்றன. ஈரற் கலம் ஒன்றுக்குள் புகும் ஒரேயொரு ஸ்போரோசொயிட், மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடியதான பல்சிப்பாரம் இனத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில், குருதியைத் தாக்கும் வடிவமான மெரோசொயிட்டுகளாகப் பல்லாயிரக்கணக்கில் பெருகி வெளியேறும். இந்த ஒரு வாரமும் நோயாளிக்குக் காய்ச்சலோ வலியோ எதுவும் தெரியாது. அதன் பிறகு ஒவ்வொரு மெரோசொயிட்டும் ஒரு செங்குழியத்தை, ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள், துளைத்து நுழைகிறது. உள்ளே 48 மணி நேரம் ஈமோகுளோபினை உண்டு வளர்ந்து, 16 முதல் 32 வரையான புதிய மெரோசொயிட்டுகளாகப் பிரிந்து கலத்தை உடைக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் உடையும்போதுதான் அந்தக் குளிரும் நடுக்கமும் வருகின்றன. முறைக்காய்ச்சல் என்று நம் பழையவர்கள் சொன்னதில் இந்த 48 மணி நேரக் கடிகாரம் ஒளிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதன் பின் வருவது. செங்குழியத்துக்குள் ஒளிந்திருக்கும் பல்சிப்பாரம், அந்தக் கலத்தின் வெளிப்புறத்தில் தன் புரதம் ஒன்றைப் பதித்து, குருதிக் குழாயின் சுவரில் அதை ஒட்டச் செய்கிறது. இல்லாவிட்டால் மண்ணீரல் அதை வடிகட்டி அழித்துவிடும். ஆனால் வெளியே தெரியும் புரதத்தை நம் உடலின் பிறபொருளெதிரிகள் அடையாளம் கண்டுவிடுமே என்ற சிக்கலுக்கு ஒட்டுண்ணி கண்டுபிடித்த வழி விசித்திரமானது. அந்தப் புரதத்தை ஆக்கும் மரபணு ஒன்றல்ல, ஏறத்தாழ அறுபது. ஒரு வேளையில் அவற்றில் ஒன்று மட்டுமே இயங்குகிறது. அறுபது உடுப்புகளைப் பெட்டியில் வைத்திருக்கும் கூத்தன், சபையோர் முகம் கண்டுகொண்டார்கள் என்று அறிந்தவுடன் வேறோர் உடுப்போடு களரிக்கு வருவதைப் போன்றது இது. மற்ற ஐம்பத்தொன்பதையும் மூடி வைத்திருப்பது எது, மாற்ற வேண்டிய வேளையைத் தீர்மானிப்பது எது என்பவை இன்றும் முழுமையாக விடை காணாத கேள்விகள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இந்த ஒட்டுண்ணிக்குள் ஒரு தாவரத்தின் எச்சம் இருக்கிறது. வெகு காலத்துக்கு முன் விழுங்கப்பட்ட ஓர் அல்காவின் பச்சையவுருமணி, பச்சையத்தையும் ஒளித்தொகுப்பையும் இழந்து, அப்பிக்கோபிளாஸ்ட் என்ற சிறு உறுப்பாக எஞ்சியிருக்கிறது. பயணிகள் மலேரியாத் தடுப்புக்கு எடுக்கும் டொக்சிசைக்கிளின் தாக்குவது இதைத்தான்.

மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டுவிட்டது என்கிறார்களே?

2002 இல் வாசிக்கப்பட்டது: 14 நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் மூல இணைகள், 5,300 அளவிலான மரபணுக்கள். வாசிப்பது வேறு, விளங்கிக்கொள்வது வேறு. 2018 இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு, மரபணுக்களை ஒவ்வொன்றாகக் குலைத்துப் பார்த்து, அவற்றில் ஏறத்தாழ அரைவாசி குருதிக் கட்டத்தில் ஒட்டுண்ணி உயிர்வாழ இன்றியமையாதவை என்று காட்டியது. அந்த இன்றியமையாதவற்றுள்ளும் பலவற்றுக்கு இன்னும் சரியான பெயர்கூட இல்லை. போஸ்ட்டொக்காக வருகின்றவருக்கு அப்படிப்பட்ட ஒரு பெயரற்ற மரபணு போதும்.

தடுப்பூசி உருவாக ஏன் இத்தனை ஆண்டுகள் எடுத்தன?

கதிர்வீச்சால் வலுவிழக்கச் செய்த ஸ்போரோசொயிட்டுகளைச் செலுத்தினால் எலிகள் பாதுகாக்கப்படுகின்றன என்று ரூத் நுசன்ஸ்வைக் காட்டியது 1967 இல். முதல் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் பரந்த பயன்பாட்டுக்குப் பரிந்துரைத்தது 2021 ஒக்டோபரில். இடையில் ஐம்பத்து நான்கு ஆண்டுகள். பணமும் அரசியல் அக்கறையும் குறைவு என்பது ஒரு காரணம். ஏழைப் பிள்ளைகளின் நோய்க்கு மருந்துக் கம்பனிகள் வரிசையில் நிற்பதில்லை. ஆனால் பணம் கொட்டியிருந்தாலும் இது எளிதாக முடிந்திருக்காது என்பதே என் கருத்து.

ஒரு வைரசுக்குப் பத்துப் பன்னிரண்டு மரபணுக்கள் இருக்கலாம். இதற்கு ஐயாயிரத்துக்கு மேல். ஈரலில் ஒரு முகம், குருதியில் ஒரு முகம், நுளம்பில் இன்னொரு முகம். ஒன்றை எதிர்க்கும் பிறபொருளெதிரி மற்றொன்றை அறியாது. அம்மை ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. மலேரியாவோ ஒரே ஆளுக்குப் பத்துத் தடவையும் வரும். இயற்கையே முழுமையாகக் கொடுக்காத எதிர்ப்பைத் தடுப்பூசியால் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஈரலுக்கு முன்பே மறிப்பதை வட்டைக் காவலோடு ஒப்பிடலாம். இரவில் காட்டோரத்திலிருந்து நூறு யானைகள் வருகின்றன, வேலியைக் கடக்கும் சிறு பொழுதுக்குள் அவற்றைத் திருப்ப வேண்டும். தொண்ணூற்றொன்பதைத் திருப்பிவிட்டு ஒன்றைத் தவற விட்டாலும் விடியும்போது வேளாண்மை இல்லை. ஈரலை அடையும் ஒரேயொரு ஸ்போரோசொயிட் பல்லாயிரமாகிவிடுவதால், பிறபொருளெதிரிகள் குருதியில் மிக உயர்ந்த அளவில் எப்போதும் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த அளவு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. காவல் குறையப் பாதுகாப்பும் குறைகிறது.

இப்போது எத்தனை தடுப்பூசிகள் பயன்பாட்டில் உள்ளன?

இரண்டு. ஆர்.ரி.எஸ்,எஸ் என்பது 1987 இல் தொடங்கிய முயற்சியின் விளைவு. ஸ்போரோசொயிட்டின் மேற்பரப்பை மூடியிருக்கும் புரதத்தின் ஒரு துண்டை ஹெப்படைட்டிஸ் பி வைரசின் மேற்பரப்புப் புரதத்தோடு இணைத்து ஆக்கப்பட்டது. 5 முதல் 17 மாதப் பிள்ளைகளுக்கு நான்கு ஊசிகள் போட்டு நான்கு ஆண்டுகள் கவனித்த பெரிய பரிசோதனையில், மலேரியாக் காய்ச்சல்கள் 36 சதவீதம் குறைந்தன. இந்த எண்ணைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள், ஒரு பிள்ளை ஆண்டுக்குப் பல தடவை மலேரியாவில் விழுகின்ற கிராமங்களில் அது எத்தனை உயிர் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கானா, கென்யா, மலாவி ஆகிய நாடுகளில் 2019 இல் முன்னோடித் திட்டம் தொடங்கியது.

மற்றது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் உருவாக்கி, இந்தியாவின் சீரம் நிறுவனம் உற்பத்தி செய்யும் ஆர்21. இதை 2023 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதே புரதம்தான், ஆனால் தடுப்பூசியிலுள்ள துகளின் மேற்பரப்பில் மலேரியாப் பகுதி அதிக நெருக்கமாக அமைந்திருக்கிறது. மழைக்காலத்துக்குச் சற்று முன்னே போடப்பட்ட இடங்களில் முதல் ஓராண்டில் ஏறக்குறைய 75 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. பெருமளவில் மலிவாகத் தயாரிக்க முடிவது இதன் பெரும் பலம்.

குருதிக் கட்டத்தைக் குறிவைப்பவையும் வந்துகொண்டிருக்கின்றன. மெரோசொயிட் செங்குழியத்துக்குள் நுழைய, ஆர்.எச்.5 என்ற புரதம் செங்குழியத்தின் பேசிஜின் என்ற புரதத்தைப் பற்றியே ஆக வேண்டும் என்பது 2011 இல் தெரியவந்தது. அந்தப் பிடியைத் தடுக்கும் தடுப்பூசி புர்கினா பாசோவில் பிள்ளைகளிடம் பரிசோதிக்கப்பட்டு நம்பிக்கை தரும் முடிவைத் தந்திருக்கிறது. இதை எழுதுவதற்குக் காரணம், கண்டுபிடித்தவர்கள் அப்போது தேடியது உயிரியற் கேள்வி ஒன்றுக்கான விடையை: எந்தப் புரதம் எதைப் பிடிக்கிறது? அந்த விடை இல்லாமல் இந்தத் தடுப்பூசி இல்லை. ஆகையால் “நான் தடுப்பூசி செய்யப் போகிறேன்” என்று தொடங்குகிறவரைவிட, “இந்தப் புரதம் எதைப் பிடிக்கிறது என்று பார்க்கப் போகிறேன்” என்று தொடங்குகிறவரையே நான் நம்புவேன்.

நம் நாட்டில் அதிகம் இருந்தது வைவாக்ஸ் என்ற மற்ற ஒட்டுண்ணி இனம் அல்லவா? இந்தத் தடுப்பூசிகள் அதைத் தடுக்குமா?

தடுக்கமாட்டா. இரண்டுமே பல்சிப்பாரத்துக்கானவை. வைவாக்ஸ் இன்னொரு தந்திரம் உடையது: ஈரலில் ஹிப்னோசொயிட் என்ற உறங்கும் வடிவமாகக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து நுளம்பு கடிக்காமலேயே மறுபடி காய்ச்சலைக் கொண்டுவரும். அதை அழிக்கும் பிரிமாகுவின், ஜி.6.பி.டி. என்ற நொதியம் குறைந்தவர்களின் செங்குழியங்களைச் சிதைத்துவிடக்கூடும் என்பதால் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். மேலும், இளம் செங்குழியங்களையே நாடுவதால் வைவாக்ஸை ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்க இதுவரை முடியவில்லை.

இந்த இடத்தில் இலங்கைக்கு ஒரு பெருமை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கமினி மெண்டிஸும் எடின்பரோவின் ரிச்சர்ட் கார்ட்டரும் சேர்ந்து 1980களில் செய்த வேலை, வைவாக்ஸ் நோயாளிகளின் குருதியிலேயே, நுளம்பின் வயிற்றுக்குள் ஒட்டுண்ணி வளர்வதை மறிக்கும் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன என்று காட்டியது. பரவலைத் தடுக்கும் தடுப்பூசி என்ற துறையில் அது இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது.

நாளாந்த வேலை எப்படி இருக்கும்?

பெரும்பகுதி, மாட்டுக்குப் புல் போடுவதைப் போன்றது: நாள் தவறக்கூடாது. பல்சிப்பாரத்தை மனிதக் குருதியில், 37 பாகை செல்சியஸில், ஒட்சிசன் குறைந்த வாயுக் கலவையில் வளர்க்கிறோம். நாள்தோறும் வளர்ப்பு ஊடகத்தை மாற்றி, கண்ணாடித் தகட்டில் குருதிப்பூச்சு எடுத்து, கீம்சா சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் எண்ண வேண்டும். 1976 இல் ட்ரேகரும் ஜென்சனும் இதைத் தொடர்ந்து வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தபோது, மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் மெழுகுதிரியை எரியவிட்டே ஒட்சிசனைக் குறைத்தார்கள் என்பதை விலையுயர்ந்த கருவி இல்லை என்று கவலைப்படும் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

ஒட்டுண்ணிக்கு ஞாயிறும் தெரியாது, தைப்பொங்கலும் தெரியாது. 48 மணி நேர வட்டத்தில் அது உடையும் வேளை அதிகாலை மூன்று மணியாக இருந்தால், நீங்களும் மூன்று மணிக்கு அங்கே நிற்பீர்கள். மரபணு மாற்றிய ஒட்டுண்ணி குடுவையில் கண்ணுக்குத் தென்பட மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். வராமலே போவதும் உண்டு. ஒரு தடவை இரண்டு மாதம் காத்திருந்து கண்ட ஒட்டுண்ணி, நான் மாற்றிய ஒட்டுண்ணியே அல்ல, பக்கத்து மேசையிலிருந்து கலந்துவிட்ட ஒன்று என்று தெரிந்தது.

ஆய்வுகூடத்தில் மலேரியா தொற்றாதா?

குடுவையிலிருப்பது குருதிக் கட்டம். ஊசி குத்தினால் தொற்றலாம், காற்றில் பரவாது. தொற்றிய நுளம்பு வளர்க்கும் அறைகளுக்கு இரட்டைக் கதவும், நுளம்புகளை ஒவ்வொன்றாக எண்ணும் வழக்கமும் உண்டு. மருந்து கைவசம் இருக்கும்.

மருத்துவப் பட்டம் வேண்டுமா?

வேண்டாம். விலங்கியல், மூலக்கூற்று உயிரியல், உயிரிரசாயனம், புள்ளிவிபரவியல் என எதிலிருந்தும் வரலாம்.

எங்கே போகலாம், யார் பணம் தருவார்கள்?

மெல்பேர்ணில் வோல்ட்டர் அன்ட் எலைசா ஹோல் நிறுவனம், ஒக்ஸ்போர்டில் ஜென்னர் நிறுவனம், பாரிஸில் பஸ்தர் நிறுவனம், பால்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மலேரியா ஆய்வு நிறுவனம், பேஸல் அருகே சுவிஸ் வெப்பமண்டல நிறுவனம் ஆகியவை எல்லோரும் சொல்லும் பெயர்கள். ஆனால் இரண்டை நான் வேண்டுமென்றே சேர்ப்பேன்: புதுடில்லியிலுள்ள மரபணுப் பொறியியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்குமான சர்வதேச நிலையம், கென்யாவின் கிலிபியிலுள்ள ஆய்வு நிலையம். முதலாவது அருகில் இருக்கிறது. இரண்டாவதில் நோயாளியும் ஆய்வுகூடமும் ஒரே வளவில் இருக்கின்றன.

பெரும்பாலான இடங்களில் சம்பளம் ஆய்வுத் தலைவரின் நிதியிலிருந்து வரும். தனியாக விண்ணப்பிப்பதானால், ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி நல்கை எந்த நாட்டவருக்கும் திறந்தது. மனித எல்லை அறிவியல் திட்டத்தின் நல்கை மூன்று ஆண்டுகளுக்குரியது. விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் அவ்வாண்டின் அறிவித்தலையே பாருங்கள். பல்கலைக்கழக விடுமுறையில் போகும் விரிவுரையாளர்கள் தாங்கள் ஒப்பமிடும் பிணைமுறியை, பிணைக்கு நிற்கும் உறவினரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக வாசிக்க வேண்டும்.

பெண் பிள்ளையைத் தனியே அனுப்பலாமா?

இதைக் கேட்காத அம்மாவை நான் காணவில்லை. நான் வேலை செய்த ஆய்வுகூடங்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆகவே தனிமை பற்றிய பயம் ஓரளவு மிகைப்பட்டது. உண்மையான சிக்கல் வேறு. குறுகிய ஒப்பந்தங்கள் முப்பதுகளின் முதற்பாதியில் வருகின்றன, குழந்தை பெறும் காலமும் அதுவே. மகப்பேற்று விடுமுறை ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, துணைவருக்கு விசா உண்டா என்ற இரண்டையும் வேலையை ஏற்பதற்கு முன் எழுத்தில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரும்பி வந்தால் இங்கே என்ன செய்ய முடியும்?

ஒட்டுண்ணி வளர்ப்பு அறை ஒன்றை இங்கே அமைப்பது கடினம். முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் உவர்நீரில் வளர்கின்றன என்று 2011 இல் இலங்கை ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குத் தேவைப்பட்டவை பெரிய இயந்திரங்களல்ல, கரண்டியும் உப்புமானியும் பொறுமையும். வாவிக் கரையில் கைவிடப்பட்ட தோணிகளையும் கிணறுகளையும் யார் தொடர்ந்து பார்க்கிறார்கள்? ஸ்டீபன்சி கிழக்குக் கரையோரம் எங்கெல்லாம் நிலைகொள்ளக்கூடும், பூச்சிகொல்லிகளை எவ்வளவு தாங்குகிறது, வெளிநாட்டிலிருந்து திரும்பும் தொழிலாளர் காய்ச்சலோடு வந்தால் எத்தனையாம் நாளில் குருதி சோதிக்கப்படுகிறது என்பவை இங்கிருந்தே கேட்கத்தக்க கேள்விகள். வெளிநாட்டில் கற்ற மரபணு வாசிப்பு முறை இவற்றுக்கு நேராகப் பயன்படும்.

முதற் கடிதத்தை எப்படி எழுதுவது?

சுருக்கமாக, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல். என் முதற் கடிதங்கள் எல்லோருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருந்தன. ஆகவே ஒருவரும் பதில் எழுதவில்லை. அந்த ஆய்வுத் தலைவரின் அண்மைய கட்டுரைகளில் இரண்டையாவது முழுமையாக வாசித்து, அவற்றில் விடையில்லாமல் நிற்கும் ஒரு கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அடுத்த பந்தியில் உங்கள் கைக்கு உறுதியாகப் பழகிய முறைகளை மட்டும் குறிப்பிடுங்கள். பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் சேர்க்க வேண்டாம், நேர்முகத்தில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். உங்களை அறிந்த இரண்டு மூன்று பேரின் பெயர்களை அவர்களிடம் அனுமதி கேட்டுக் கொடுங்கள். மூன்று வாரம் பதில் வராவிட்டால் ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஆய்வுகூடத்தின் கட்டுரைகளை எடுத்து வாசிக்கத் தொடங்குங்கள்.